என்னைத் தெரியறதா?

தனி ஆவர்த்தனத்தில் கேண்டீனுக்கு எழுந்து போகிறவர்களைப் பற்றி எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். மங்களத்தில் எழுந்து மேடைப் பக்கம் நகருகிறாரே, அந்த மாமாவைத்தான் யாரும் கவனிப்பதில்லை. சௌராஷ்டிரம் காதில் விழுந்ததுமே அவருக்குக் கால் பரபரக்கும். திரை விழும்போது பக்கவாட்டுப் படியில் முதல் ஆளாக நிற்பார்.

இரண்டரை மணி நேரம் பாடிய அம்மாள் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடிக்க வேண்டாமோ? அதற்குள் வந்துவிடும்:

"என்னம்மா, என்னைத் தெரியறதா?"

இதற்குத் 'தெரியலை' என்று சொல்லும் துணிச்சலுள்ள வித்வான் மயிலாப்பூரில் இன்னும் பிறக்கவில்லை.

"தெரியாம என்ன மாமா! சௌக்கியமா?"

அதோடு விட்டால் க்ஷேமம். "அப்போ சொல்லு, எங்கே பார்த்தோம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான். மேடை விளக்கில் கண் கூச உட்கார்ந்து பாடியவளுக்கு எதிரே இருப்பதெல்லாம் வெறும் தலைகள்.

"வாணி மஹாலா மாமா?"

"இல்லே."

"கிருஷ்ண கான சபா?"

"ம்ஹூம்."

வயலின்காரர் வில்லின் முறுக்கைத் தளர்த்திப் பெட்டியை மூடியாகிவிட்டது. மிருதங்கம் உறைக்குள் போய்விட்டது. மாமா மட்டும் அசைவதாயில்லை.

"பெசன்ட் நகர்ல உங்க சித்தப்பா பொண்ணு கல்யாணம்! பந்தியில உனக்குப் பக்கத்து இலை நான்!"

அடுத்தது சரித்திரம். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த சங்கீத மாநாடுதான் மியூசிக் அகாடமிக்குப் பிள்ளையார் சுழி என்பதை, அந்த அகாடமியிலேயே பாடிவிட்டு நிற்பவளுக்குச் சொல்லிக் கொடுப்பார். "இதே காம்போதியை ஜி.என்.பி. பாடி நேர்ல கேட்டிருக்கேன்." ஜி.என்.பி. காலமானது 1965இல். மாமாவுக்குப் பீமரத சாந்தி போன தையில்தான் ஆயிற்று. கேட்டிருக்கலாம், அப்பா தோளில் தூங்காமல் இருந்திருந்தால்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஆவடியிலிருந்து வந்தவள், பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். அன்றைய பல்லவியை நோட்டில் எழுதி, எடுப்பு விழுந்த இடத்தில் மட்டும் பென்சிலால் சுழித்து வைத்திருந்தாள். ஒரே ஒரு சந்தேகம், அரை நிமிஷ வேலை. மாமா பக்கத்து இலையிலிருந்து ஜி.என்.பி. வரைக்கும் வந்து சேர்வதற்குள் அடுத்த கச்சேரிக்காரர்கள் தம்புராவோடு ஏறிவிட்டார்கள், அம்மாள் காரேறிவிட்டாள். உம்மைத் தெரிந்து அவளுக்கு என்ன ஆகவேண்டும், மாமா? அந்த எடுப்பு தெரிந்திருந்தால் இந்தப் பெண் ராத்திரியே உட்கார்ந்து பாடிப் பார்த்திருப்பாள்.

ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பகல் இலவசக் கச்சேரியில் மீசை அரும்பாத பையன் ஒருவன் பாட, காலி நாற்காலிகளுக்கு நடுவே முன்வரிசையில் தொடை சிவக்கத் தாளம் போடுபவரும் இவரேதான். அவனிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "நன்னா வருவே" என்று முதுகில் தட்டிவிட்டு வருவார். பத்து வருஷம் கழித்துக் கேட்பதற்கு இப்போதே விதை போட்டு வைக்கிறார் என்று நான் சொல்வேன். என் மனைவி அடித்துச் சொல்கிறாள், அது நிஜமான பிரியம்தானாம்.

காரேறியவளை அனுப்பிவைத்த கையோடு மாமா கேண்டீனில் இலை முன் உட்கார்ந்திருந்தார். "நம்மாத்துப் பொண்ணு மாதிரி. தொண்டை கொஞ்சம் கம்மித்து. பால்ல மிளகும் பனங்கல்கண்டும் போட்டுச் சாப்பிடச் சொல்லிட்டு வந்தேன். சரி மாமான்னுட்டா."

"யாரு, இன்னிக்குப் பாடினவளா? பேர் என்ன?" என்றார் பக்கத்து இலைக்காரர்.

மாமா சாம்பார்க் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பைக்குள் துழாவிப் புரோகிராம் புத்தகத்தை எடுத்தார்.