சர்வருக்கு இயங்குதளம்: மூலபாட ஆய்வு

சர்வரில் எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்பதைத் தொழில்நுட்பக் கேள்வியாக எண்ணி எழுதியோர் யாவரும் பிழைபட்டனர். அது நிர்வாக இலக்கியத்தின் கிளை. இயங்குதளங்கள் நான்கு வகைப்படும்.

டெபியன், 1993 முதல் உள்ளது. "அது எந்தக் கம்பெனி." என்பார் மேலாளர். ஆய்வு முடிந்தது.

உபுண்டு, டெவலப்பர்களின் லேப்டாப்பில் இருப்பதாலேயே விலக்கப்படும்.

சென்ட்ஓஎஸ், ரெட் ஹேட் லினக்ஸின் காசில்லா வடிவமாக இருந்தது. எட்டாம் பதிப்புக்கு 2029 வரை இருந்த ஆதரவு, 2021 கடைசியோடு முடியும் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். இதை மேலாளர் காதில் போடக் கூடாது.

விண்டோஸ் சர்வரே நம் ஆய்வுப்பொருள். மூலபாடம் ஒரே மின்னஞ்சல்: "விண்டோஸே போட்டுடுங்க. லைசென்ஸ் வாங்கியாச்சு. லினக்ஸ்னா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு போன் எடுப்பா?" மூன்றாம் வரி இடைச்செருகல் என்பது என் துணிபு. மேலாளர் நடையில் கேள்விக்குறி கிடையாது. கேள்வியையும் முற்றுப்புள்ளி வைத்தே கேட்பார். தவிர, இதே வரி விற்க வந்தவரின் பவர்பாயின்ட்டில் எழுத்துரு மாறாமல் காணப்படுகிறது. அந்த ஸ்லைடே மேலாளர் வாய்மொழியைக் கேட்டு எழுதப்பட்டது என்பர் மறுதரப்பார் (காண்க: கேன்டீன் வாய்மொழி, ஜன்னலோர மேசை). ஒரு நூலின் காலத்தை முன்னூறு ஆண்டு முன்னும் பின்னும் தள்ளியே ஓய்வூதியம் வரை வந்துவிட்ட நம் பேராசிரியர்களுக்கு இதன் அருமை புரியும்.

இரண்டாம் வரிக்கு ஃபைனான்ஸ் உரை வேறு. வாங்கிய லைசென்ஸ் 16 கோருக்கு. பெட்டியில் இருப்பதோ 32. உள்ள கோர் அத்தனைக்கும் வாங்க வேண்டும் என்பது விதி. ஆகவே "வாங்கியாச்சு" என்பது பாதி மெய் (காண்க: லிஃப்ட் உரை, நான்காம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் இடையே அருளியது, ஐந்தில் ஆள் ஏறியதால் நடுப்பகுதி கிடைக்கவில்லை). மீதியை அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றொரு சிற்றுரையும் உண்டு (காண்க: மீட்டிங் அறை வெள்ளைப் பலகை, "அழிக்காதீர்" என்பதன் கீழ், ஹவுஸ்கீப்பிங் அக்கா துடைத்ததுபோக எஞ்சியது, சிதைந்த இடங்களை இன்டர்ன் ஊகித்து நிரப்பினார், அவர் ஊகமே இப்போது ஆதாரபாடம்).

நடைமுறை உரை சிஸ்டம் அட்மினுடையது. விண்டோஸ் சர்வரை ஏற்றினார். அதில் ஹைப்பர்-வியைத் திறந்தார். அதற்குள் டெபியனைப் போட்டு, மென்பொருளை அங்கே ஓடவிட்டார். மாத அறிக்கையில் "விண்டோஸ் சர்வரில் இயங்குகிறது" என்று எழுதினார், பொய் ஒன்றுமில்லை. பேக்கப்புக்கு எழுதிய ஷெல் ஸ்கிரிப்டுக்கு மட்டும், ஆடிட்டர் வந்தால் காட்டலாமே என்று, டாட் பேட் எனப் பெயர் முடித்திருக்கிறார்.