கண்ணாடிச் சுவரும் காளான் கூரையும்

சோவியத்திலிருந்து பிரிந்த நாடுகளுக்கு முதலீடு ஏன் தயங்கித் தயங்கி வந்தது?

முதலீடு விமானத்தில்தான் வந்தது. கையெழுத்துதான் நடந்து வந்தது.

ஜார்ஜியா எப்படித் தப்பித்தது?

கத்தரிக்கோலால்! 2003 ரோஜாப் புரட்சியில் ஆட்சி மாறிய பிறகு 909 வகை உரிமங்கள் 159 ஆகின. இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் படிப்படியாக 6-க்கு வந்தன. ஒழிந்த 750 உரிமங்களுக்கும் பின்னால் ஒரு மேசை, ஒரு முத்திரை, ஒரு டிராயர் இருந்திருக்கும். டிராயருக்குத்தான் பெரிய நஷ்டம்.

லஞ்சம் வாங்கிய டிராஃபிக் போலீஸை என்ன செய்தார்கள்?

எந்த போலீஸை என்று தேடும் சிரமமே வைக்கவில்லை. 2004-இல் மொத்தப் பிரிவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக ஆள் எடுத்தார்கள். காவல் நிலையங்களுக்குக் கண்ணாடிச் சுவர். மேசைக்குக் கீழே கை போனால், எதிர் டீக்கடைக்குத் தெரியும்.

எல்லாச் சான்றும் ஒரே கூரையின் கீழாமே?

ஆமாம், தலைநகர் திபிலிசியில், ராட்சதக் காளான்களை அடுக்கியது போன்ற கூரை. 2012-இல் திறந்தார்கள். பாஸ்போர்ட்டும் அங்கேதான், சொத்துப் பதிவும் அங்கேதான். ஆனால் அதே ஆட்சிக் காலத்தில் கோர்ட்டுக்குப் போனவர் விடுதலையாவது அபூர்வம். கம்பெனி திறப்பது எளிது. ஜெயில் கதவு அப்படியில்லை.

இப்படித் தொழில் செய்ய எளிதான நாடுகள் என்று உலக வங்கி போட்ட பட்டியல் எங்கே?

மார்க் போட்டவர்கள் மீதே மறுகூட்டல் புகார்! சீனா, அஜர்பைஜான் உள்ளிட்ட சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு என்று 2021-இல் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள். நிறுத்த யாரிடம் உரிமம் வாங்கினார்களோ?