கோயில் காம்பவுண்டில் பந்து விளையாடலாமா?

லிவர்பூல்,
ஞாயிறு மாலை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

"அங்கே ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறீர்களா, இல்லை எல்லாத்தையும் விட்டாச்சா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். போகிறோம் பெரியப்பா. உங்கள் பேரன் கோயில் வாசலில் முழங்கால் வரை சேறும் கையில் பந்துமாக நிற்கிற படத்தை என் வீட்டுக்காரர் குடும்பக் குரூப்பில் போட்டதுதான் வினை. அது ஆராதனைக்குப் போகும்போது எடுத்த படமா, வரும்போது எடுத்ததா என்று அத்தை வரைக்கும் விசாரணை நடந்திருக்கிறது. இரண்டும் இல்லை. நடுவில் எடுத்தது. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் சபைக் கமிட்டிச் செயலாளர் ஆன நாளிலிருந்து, நம்ம கோயில் பீரோவில் திருவிருந்துப் பாத்திரங்களுக்குக் கீழ்த்தட்டில் பையன்களிடம் பறித்த பந்துகள் இருப்பது சேகரம் முழுக்கத் தெரிந்த செய்தி. கோயில் ஜன்னல் கண்ணாடி உடைந்த கோபம் நியாயமானதுதான். ஆனால் இந்த ஊருக்கு வந்து கேட்டறிந்ததை வைத்துச் சொல்கிறேன்: நீங்கள் பூட்டி வைத்திருப்பது நம்ம சொந்தக்காரப் பிள்ளையை.

இங்கே குடிவந்தவுடன் பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, நீலமா சிவப்பா என்பது. நீலம் என்றால் எவர்ட்டன், சிவப்பு என்றால் லிவர்பூல். எனக்கு அப்போது விளங்கவில்லை, எந்தச் சபை என்று கேட்கிறாராக்கும் என நினைத்து, சி.எஸ்.ஐ. என்று சொல்லிவைத்தேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அது எந்த டிவிஷனில் ஆடுகிறது என்று கேட்டார்.

இந்த இரண்டு கிளப்புக்கும் பாட்டி ஒரே கோயில். செயின்ட் டொமிங்கோ என்று ஒரு மெதடிஸ்ட் கோயில். அதன் குருவானவர் பென் ஸ்விஃப்ட் சேம்பர்ஸ் காலத்தில், 1877-இல், சபை வாலிபர்களுக்கு ஒரு கிரிக்கெட் குழு உண்டானது. கிரிக்கெட் இங்கே கோடைக்கு மட்டும்தான். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வாலிபர் கால் தானாகப் பப்புக்குப் போகும். அதற்கு மாற்றாக 1878-இல் பந்தை உதைக்க விட்டார்கள். அக்கம்பக்கத்தில் கோயிலுக்கே வராத பையன்களும் ஆட வந்ததால், அடுத்த வருஷம் கோயில் பெயரை எடுத்துவிட்டு, பேட்டையின் பெயரையே கிளப்புக்கும் வைத்துவிட்டார்கள்: எவர்ட்டன். சந்தா கட்டாதவன் வாலிபர் சங்கத்துக் கேரம் போர்டைத் தொடக்கூடாது என்று நம்ம கமிட்டி தீர்மானம் போட்டது ஏனோ ஞாபகத்துக்கு வருகிறது.

அப்புறம் என்ன, சண்டைதான். எவர்ட்டன் ஆடிய ஆன்ஃபீல்டு மைதானம் ஜான் ஹௌல்டிங் என்கிற பீர் ஆலை முதலாளியின் கையில் இருந்தது. வாடகையில் தகராறு, விலையில் தகராறு. 1892-இல் ஜார்ஜ் மேகன் என்பவர் தலைமையில் கிளப் வெளியேறி, பக்கத்துப் பூங்காவுக்கு அந்தப் பக்கம் குடிசன் பார்க் மைதானத்தை அமைத்துக்கொண்டது. இந்த மேகன் யார் தெரியுமா? மெதடிஸ்ட் கோயிலில் ஆர்கன் வாசித்தவர். இங்கே மைதானம் இருக்கிறது, ஆட ஆள் இல்லை என்று உட்கார்ந்திருந்த ஹௌல்டிங், புதிதாக ஒரு கிளப்பை ஆரம்பித்தார், அதுதான் லிவர்பூல். கீபோர்டு வாசிக்கிறவர் கமிட்டியோடு முறைத்துக்கொண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் எதிர்த்தாற்போல் இன்னொன்று கட்டுவது நம்ம பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டிய கதை இல்லை.

இன்னும் உண்டு. போல்ட்டன் ஊரில் 1874-இல் கிறைஸ்ட் சர்ச் ஓய்வுநாள் பாடசாலைப் பையன்கள் ஒரு குழு வைத்தார்கள். தான் இல்லாமல் கோயில் கட்டடத்தில் கூட்டம் போடக்கூடாது என்று அந்தக் கோயில் ஐயர் சொல்ல, பையன்கள் 1877-இல் வெளியேறி, போக இடமில்லாமல் அலைந்து, நாடோடிகள் என்றே பெயரும் வைத்துக்கொண்டார்கள்: போல்ட்டன் வாண்டரர்ஸ். பெரியப்பா, இதை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்.

குடிசன் பார்க்கை நீங்கள் பார்க்க வேண்டும். மைதானத்தின் ஒரு மூலையில், இரண்டு கேலரிகளுக்கு நடுவில், செயின்ட் லூக்ஸ் கோயில் நிற்கிறது. சில அடிதான் இடைவெளி. அந்தக் காலத்தில் டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்கள் கோயில் கூரையில் ஏறி ஆட்டம் பார்த்திருக்கிறார்கள். பிற்பாடு முள்கம்பி போட்டார்களாம். ஞாயிறு ஆராதனைக்கு இடைஞ்சலாகச் சீக்கிரம் ஆட்டம் வைப்பதில்லை என்று கிளப் ஒரு வழக்கம் வைத்திருந்தது. கோயில்காரர்கள் ஆட்ட நாளில் ரசிகர்களுக்கு டீ விற்றார்கள். அந்த மைதானத்தில் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம் 2025 மே 18 அன்று நடந்தது, அதுவும் ஒரு ஞாயிறு. எதிரணி சௌத்தாம்ப்டன். அதுவும் 1885-இல் செயின்ட் மேரீஸ் கோயில் வாலிபர் சங்கத்தில் பிறந்தது. இன்றைக்கும் பட்டப்பெயர் பரிசுத்தவான்கள். ஆக, நூற்றுச் சொச்சம் வருஷத்துக் கணக்கை முடித்தது இரண்டு கோயில் பிள்ளைகள். 2-0 என்று மெதடிஸ்டுகள் ஜெயித்தார்கள். ஆண்கள் அணி இப்போது மெர்சி ஆற்றங்கரையில் புது மைதானத்துக்குப் போய்விட்டது. பழையதைப் பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் தனிச் சந்தோஷம். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோல் அடித்த அன்று பெரியம்மா என்னை என்ன செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஓய்வுநாளை அனுசரிப்பதில் இந்த நாட்டுக்காரர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை கேளிக்கைக்கு நுழைவுக்காசு வாங்கக்கூடாது என்று 1780-இலேயே சட்டம் போட்டிருந்தார்கள். 1974 ஜனவரியில் மின்சாரத் தட்டுப்பாட்டால் முதல்முறையாகப் பெரிய கிளப்புகள் ஞாயிறன்று ஆட வேண்டி வந்தது. உடனே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: நுழைவு இலவசம், ஆனால் ஆட்டக்காரர் பட்டியலை வாங்கினால்தான் உள்ளே விடுவோம், பட்டியலின் விலை டிக்கெட் விலை. நம்ம பரிசேயர்களுக்குக்கூட இது தோன்றியிருக்காது.

கிரிக்கெட் என்றால் நீங்கள் கொஞ்சம் இரங்குவீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1975 முதல் 1997 வரை லிவர்பூல் பேராயராக இருந்தவர் டேவிட் ஷெப்பர்டு. இங்கிலாந்துக்காக 22 டெஸ்ட் ஆடியவர். குருப்பட்டம் பெறுமுன் 1954-இல் இரண்டு டெஸ்டுக்குக் கேப்டன். குருவானவரான பிறகும் ஆஸ்திரேலியா போய் மெல்பர்னில் சதம் அடித்தார். அதே பயணத்தில் கேட்சுகளையும் விட்டார். கைகூப்பி நிற்கிறவருக்குப் பந்து வரும்போது மட்டும் கை சேரவில்லையே என்று பந்துவீச்சாளர் ட்ரூமேன் கேலி செய்ததாகக் கதை. பேராயரான பின் ஷெப்பர்டும் ஆர்.சி. பேராயர் டெரெக் வோர்லாக்கும் வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் எங்கே பார்த்தாலும் சேர்ந்தே நின்றார்கள். எப்போதும் ஜோடி, எப்போதும் செய்தித்தாளில் என்பதால் ஊர் அவர்களுக்கு மீனும் வறுவலும் என்று பெயர் வைத்தது. அந்தக் காலத்தில் இங்கே மீனையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பழைய செய்தித்தாளில்தான் சுற்றிக் கொடுத்தார்கள். நம்ம ஊர் ஆர்.சி. கோயில் கெபித் திருவிழாவுக்கு நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்?

சரி, எங்கள் கோயிலுக்கு வருகிறேன். சின்னக் கோயில். ஞாயிறு காலை பெஞ்சில் பாதிக்கு மேல் காலி. வயசான வெள்ளைக்காரர்கள், நைஜீரியாக்காரர்கள், மலையாளி நர்சுகள், நாங்கள். பந்தைக் காட்டி வாலிபரைப் பிடிக்கலாம் என்று அந்தக்கால ஐயர்கள் போட்ட கணக்கில் பந்து ஜெயித்தது, பெஞ்சு தோற்றது. இதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை. ஆராதனை முடிந்ததும் அறிவிப்பில், இந்த வாரம் ஜெர்சி துவைக்கிற முறை யாருடையது என்று வாசிக்கிறார்கள். அப்புறம் பின்புறப் புல்வெளியில் ஒரு ஆட்டம். எங்கள் ஐயர் ஒரு பெண். விசில் அவர்கள் வாயில். உங்கள் பேரன் படம் அந்தப் புல்வெளியிலிருந்து டீ குடிக்கத் திரும்பும்போது எடுத்தது.

செவ்வாய் மாலை பெரியவர்களுக்கு நடைப்பந்து. 2011-இல் செஸ்டர்ஃபீல்டில் ஆரம்பித்த விளையாட்டு. ஓடினால் ஃபவுல். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் முழங்கால் மாற்றிக்கொண்டவர்களே அங்கே ஃபார்வர்டு ஆடுகிறார்கள். அதில் ஒருவர் ஞானஸ்நானத்துக்கு அப்புறம் கோயிலுக்குள் வந்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்வார். ஆனால் ஆட்டம் முடிந்து நாற்காலி அடுக்குவது, கெண்டி கழுவுவது எல்லாம் அவர்தான். போன குளிர்காலத்தில் அவர் மனைவி இறந்துபோனார்கள். பிள்ளைகள் இல்லை. பெட்டியைத் தூக்கியது அந்த நடைப்பந்து அணிதான். நீலம் மூன்று பேர், சிவப்பு மூன்று பேர். மெதுவாக நடந்து பழகியவர்கள் என்பதால் அடி பிசகவே இல்லை. அவர் இன்னும் ஞாயிறு வருவதில்லை. யாரும் கேட்பதுமில்லை.

2015-இல் இந்த ஊர் நீல ரசிகர்களும் சிவப்பு ரசிகர்களும் சேர்ந்து, ஆட்ட நாளில் மைதானத்து வாசலில் ஏழைகளுக்கு உணவுப் பொருள் சேர்க்கத் தொடங்கினார்கள். எங்கள் கோயிலிலும் வாசலில் ஒரு தொட்டி உண்டு. நான் பருப்பு டின் போட்டேன். அடுத்த வாரம் ஒரு பாட்டி அதை எப்படிச் சமைப்பது என்று என்னிடமே கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன், பெருங்காயம் இல்லாமல்.

ஆகவே பெரியப்பா, என் விண்ணப்பம். அசனப் பண்டிகைக்கு முன்னால் பீரோவைத் திறந்து பந்துகளைப் பையன்களிடம் கொடுத்துவிடுங்கள். ஜன்னல்களுக்குக் கம்பி வலை அடிக்க என் வீட்டுக்காரர் பணம் அனுப்புகிறார். ரசீது போதும்; ஆராதனையில் பேர் வாசிக்க வேண்டாம், கல்லிலும் வெட்ட வேண்டாம். சந்தா கட்டாத வீட்டுப் பையன்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம்ம தெருவில் நன்றாகக் கோல் அடிக்கிறவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பி.கு.: டிசம்பரில் ஊருக்கு வரும்போது தாத்தா கோல் கீப்பர் நிற்பாரா என்று உங்கள் பேரன் கேட்கிறான். ஓட வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறேன். ஷூ சைஸை மட்டும் பெரியம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள். உங்களிடம் கேட்டால் கமிட்டியில் வைத்துத்தான் முடிவு செய்வீர்கள்.