பிணம் கிடைக்கிறது, மற்றதை நீங்களே படியுங்கள்

துப்பறியும் நாவலைச் சிபாரிசு செய்வதைப் போன்ற அவஸ்தை வேறு கிடையாது. கவிதைத் தொகுப்பு என்றால் நாலு வரி சொல்லிக் காட்டலாம். சமையல் புத்தகம் என்றால் சமைத்தே காட்டலாம். துப்பறியும் நாவலில் மட்டும், எது அருமையோ அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. “முடிவு பிரமாதம்” என்று சொன்னாலே பாதிக் குட்டு உடைந்துவிடும். “என்ன முடிவு?” என்பார்கள். “சொல்ல மாட்டேன்.” “அப்புறம் எதுக்குவே பேச்சை எடுத்தீரு?”

இந்த நிலைமையில்தான் நான் பல வருஷமாக ஒரே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டை வட்டாரத்தில் படிக்கிற பழக்கம் உள்ளவர்களை வழிமறித்துக்கொண்டிருக்கிறேன். டோரதி எல். சேயர்ஸ் எழுதிய ‘தி நைன் டெய்லர்ஸ்’, 1934இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் கிழக்கே ஃபென்ஸ் என்கிற சதுப்பு நிலப் பிரதேசம். அதில் ஃபென்சர்ச் செயின்ட் பால் என்று ஒரு கற்பனைச் சிற்றூர். ஊருக்குச் சம்பந்தமே இல்லாத அளவில் பிரம்மாண்டமான ஒரு தேவாலயம், அதன் உத்திரமெல்லாம் மரத்தில் செதுக்கிய தேவதூதர்கள். டிசம்பர் 31, கொட்டும் பனி, துப்பறிகிற பீட்டர் விம்ஸி பிரபுவின் கார் வாய்க்காலில் இறங்கிவிடுகிறது. அந்த ஊர் வெனபிள்ஸ் ஐயர் (எங்கள் பக்கத்தில் சபைக் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) அவரையும் அவருடைய பணியாள் பண்டரையும் வீட்டுக்கு அழைத்துப்போய் உட்காரவைக்கிறார். அடுத்த ஈஸ்டர் சமயத்தில் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் இறக்கிறார். மனைவி பக்கத்திலேயே புதைக்க அந்த அம்மாளின் கல்லறையைத் திறந்தால், யாரோ ஒருவனுடைய பிணம் அதிகப்படியாகக் கிடக்கிறது. முகம் சிதைந்திருக்கிறது, கைகள் இல்லை. இதுவரை சொல்லலாம். இதற்கு மேல் சொன்னால் துரோகம்.

“கிறிஸ்தவத் துப்பறியும் நாவல்” என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். சபைக் கமிட்டியில் இருக்கிற அண்ணாச்சி உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். “கடைசியில கொலைகாரன் மனந்திரும்புதானா?” என்றார். இதற்கு ஆமாம் என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து. பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், பழுத்த பகுத்தறிவாளர். அவர் கேட்டது: “நடுவுல ஜெபம் வருமா?” வரும் என்றேன். “எத்தனை பக்கம்?”

இரண்டு பேருக்கும் சேர்த்து நான் சொல்கிற பதில் இதுதான். இந்த நாவலில் யாரும் யாருக்கும் பிரசங்கம் செய்வதில்லை. சேயர்ஸ் ஒரு குருவானவரின் மகள். 1897இல், அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது, அப்பா ஆக்ஸ்ஃபோர்டை விட்டு ஃபென்ஸ் ஓரத்தில் பிளன்டிஷம் என்கிற ஊருக்கு ஐயராகப் போனார். ஐயர் வீட்டுக்குள் கிறிஸ்தவம் எப்படி நடமாடும் என்று உள்ளிருந்து பார்த்தவர். பிற்பாடு இயேசுவின் வாழ்க்கையை வானொலி நாடகமாக எழுதினார். 1941 இறுதியில் பிபிசி அதை ஒலிபரப்பத் தொடங்கும் முன்பே, இயேசு சாதாரணப் பேச்சு இங்கிலீஷ் பேசுவதா என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தாந்தேயை மொழிபெயர்த்தார். இறையியல் பேசத் தெரியாதவர் அல்ல. ஆனால் இந்த நாவலில் இறையியல் முழுக்கச் சூடான தேநீராகவும் உலர்ந்த போர்வையாகவும்தான் வருகிறது. வெனபிள்ஸ் ஐயருக்கு எந்தக் காகிதத்தை எங்கே வைத்தோம் என்பது நினைவிருக்காது. ஐயரம்மா பின்னாலேயே வந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் ஊரில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் மனுஷனுக்கு அத்துப்படி. அந்தப் பேர் தெரியாத பிணத்துக்கும் முறையாக அடக்க ஆராதனை நடத்துகிறார். போலீஸுக்கு அது தடயம். அவருக்கு அது சபைக்கு வந்து சேர்ந்த இன்னொரு ஆள்.

அந்த ஐயருக்கு ஒரே ஒரு பைத்தியம். மணி.

இங்கேதான் என் சிபாரிசுத் தொழில் படுத்துவிடும். நம் ஊர் ஆலயங்களில் மணி அடிப்பது என்றால் கயிற்றை இழுப்பது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் அது தனிக் கலை. ஒரு மணிக்கு ஓர் ஆள். மணி சக்கரத்தில் பொருத்தப்பட்டு முழு வட்டம் சுற்றும். பாட்டு எதுவும் வாசிப்பதில்லை. எட்டு மணிகளை ஒரு வரிசையில் அடிக்கிறார்கள், அடுத்த முறை வரிசையைக் கொஞ்சம் மாற்றுகிறார்கள், ஒருமுறை வந்த வரிசை திரும்ப வரக் கூடாது. எட்டு மணிக்கு மொத்தம் 40,320 வரிசைகள் சாத்தியம். அத்தனையையும் 1963இல் லஃபரோ என்கிற ஊரில் எட்டுப் பேர் ஒரே மூச்சில், ஏறக்குறைய பதினெட்டு மணி நேரம் நின்று அடித்து முடித்தார்கள். நம் வெனபிள்ஸ் ஐயர் அவ்வளவு பேராசைக்காரர் இல்லை. புதுவருஷ ராத்திரிக்கு வெறும் 15,840 மாற்றம், ஒன்பது மணி நேரம் என்று ஏற்பாடு செய்கிறார். அதாவது நிமிஷத்துக்குச் சுமார் முப்பது. மணியடிக்கிற ஓர் ஆளுக்கு இன்ஃப்ளூயன்ஸா வந்துவிடுகிறது. வாய்க்காலில் கார் விட்டு வந்த பிரபுவுக்கு இந்தக் கலை தெரிந்திருக்கிறது. ஐயரின் சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமா! குளிரில் விறைத்து வந்தவனைச் சாப்பிடவைத்து, கொஞ்சம் தூங்கவைத்து, விடிய விடியக் கயிறு இழுக்கவிடுகிறார். விருந்தோம்பலில் இது ஒரு புது வகை.

இதையெல்லாம் சேயர்ஸ் விஸ்தாரமாக எழுதுகிறார். பிணம் வந்து சேர நேரமாகிறது. இத்தனைக்கும் அந்த அம்மாள் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கடுகுக்கும் கின்னஸ் பீருக்கும் விளம்பரம் எழுதியவர். ஆனால் தன் நாவலின் ஆரம்பப் பக்கங்களை வாசகனிடம் விற்க ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. மணிக்கலையைப் படித்துத் தேற அவருக்கே காலம் போதவில்லை. நடுவில் பதிப்பாளரைச் சமாளிக்க ‘மர்டர் மஸ்ட் அட்வர்டைஸ்’ என்று வேறொரு நாவலை அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டு இதற்குத் திரும்பினார். அப்படிப் பாடுபட்டவர் நம்மையும் கொஞ்சம் பாடுபடச் சொல்வது நியாயம்தான்.

நியாயம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. உலக இலக்கியத்திலேயே மிகப் பெரிய தோல்வியில் முடிந்த புத்தகச் சிபாரிசு இந்தப் புத்தகத்துக்குத்தான் நடந்தது என்பது என் எண்ணம். அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1944இல் நியூ யார்க்கர் பத்திரிகையில், துப்பறியும் கதைகளை ஜனங்கள் ஏன்தான் படிக்கிறார்களோ என்று சலித்துக்கொண்டார். வாசகர்கள் கடிதம் மேல் கடிதமாக எழுதினார்கள்: நீங்கள் படித்தது சரியில்லை, சேயர்ஸைப் படியுங்கள், அதிலும் ‘நைன் டெய்லர்ஸ்’ படியுங்கள். மனுஷன் படித்தார். 1945இல் எழுதினார்: எந்தத் துறையிலும் தான் கண்ட மகா சலிப்பான புத்தகங்களில் இது ஒன்று என்கிற ரீதியில். மணியடிக்கிற பக்கங்களைத் தாண்டிவிட்டதாகவும் அவரே ஒப்புக்கொண்டார். தாண்டிவிட்டு இந்தப் புத்தகத்துக்குத் தீர்ப்பு எழுதுவது, இலைபோட்டதும் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டுச் சாம்பாரில் உப்பு இல்லை என்பது மாதிரி.

ஆகவே சிபாரிசு செய்யும்போது “மணி வருகிற பக்கங்களைத் தாண்டிவிடாதே” என்று சொல்வது என் வழக்கமாக இருந்தது. அதற்கும் வேட்டு வைத்தாள் என் அண்ணன் மகள். சுவீடன், நார்வே நாவல்களாகப் படித்துக் கெட்டுப்போன பெண். “சித்தப்பா, நீங்க எதைத் தாண்டாதேங்கீங்களோ, அதுலதான் விஷயம் இருக்கு” என்றாள். அன்றிலிருந்து பாரபட்சம் தெரியக் கூடாதென்று எல்லாவற்றையும் தாண்டாதே என்று சொல்ல ஆரம்பித்தேன். பல வருஷத்துக்கு முன் காணாமல் போன மரகத மாலையைக் கவனி. மணிக்கோபுரத்தில் கிடைக்கிற சங்கேதக் கடிதத்தைக் கவனி. பிணம் போட்டிருந்த பிரெஞ்சு உள்ளாடையைக் கவனி. ஐயர் வீட்டுத் தேநீரைக் கவனி. “தேநீர்ல விஷமா?” என்றாள். இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு துப்பு. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் வழக்கமுள்ள என் மதினிக்கு, பின்பகுதியை ரப்பர் பேண்ட் போட்டுத்தான் கொடுத்தேன். அவளுக்குப் பிடித்த கட்டம் பண்டர் வருகிற இடம். கைரேகை எடுக்கவென்று கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்த பீர் புட்டியை, ஐயர் வீட்டு வேலைக்காரப் பெண் பொறுப்பாகத் துடைத்துப் பளபளவென்று வைத்துவிடுகிறாள். எதற்கும் அசையாத பண்டர் அன்றைக்குக் கொதித்துப்போகிறார். மதினி கட்சி மாறாமல் வேலைக்காரப் பெண் பக்கமே நின்றாள்: “தூசியோட வச்சிருந்தா மட்டும் ஏசாம இருப்பாகளாக்கும்?”

குறையே இல்லாத புத்தகம் என்று நான் சொல்லவில்லை. பிரபு சில இடங்களில் தேவைக்கு மேல் சாமர்த்தியமாகப் பேசுகிறார். சங்கேதத்தை அவிழ்க்கிற அத்தியாயத்தில் எனக்கே கொட்டாவி வரும். ஆனால் துக்க மணி ஒலிக்கிற கட்டத்தைப் படித்துப் பாருங்கள். ஆண் இறந்தால் ஒன்பது அடி, பெண் என்றால் ஆறு, அப்புறம் வயதுக்கு வருஷம் ஒன்றாக. நாவலின் பெயருக்கும் அந்த ஒன்பது அடிதான் காரணம். தையல்காரர் யாரும் கதையில் கிடையாது. துக்க மணி கேட்டதும் வாசலுக்கு வந்து “யாரு?” என்று விசாரித்து வளர்ந்தவர்களுக்கு அந்த இடத்தில் இங்கிலாந்து ஒரு தூரமாகவே படாது. கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதற்காகவும், அந்த ஐயருக்காகவும், தண்ணீருக்காகவும்தான்.

தண்ணீர் என்றதும் பொதுப்பணித்துறையில் எஞ்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பரைச் சொல்ல வேண்டும். ஃபென்ஸ் என்பது பதினேழாம் நூற்றாண்டில் வெர்மைடன் என்கிற டச்சுக்காரரின் மேற்பார்வையில் வடிகால் வெட்டிக் காயவைத்த நிலம். காயக் காய மண் அமுங்கி வயல் கீழே போயிற்று, ஆறு மேலே நின்றுவிட்டது. ஆகவே கரையும் மதகும்தான் அங்கே உயிர். நாவலில் ஒரு மதகுக் கதவு உளுத்துப்போய்க் கிடக்கிறது. அதைப் பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்று இந்த வாரியம் அந்த வாரியத்தைக் கைகாட்டுகிறது. மதகுக்காரன் எல்லோரிடமும் முறையிட்டு ஓய்ந்துபோயிருக்கிறான். கடைசியில் வெள்ளம் வருகிறது. ஐயர் ஊரையே ஆலயத்துக்குள் குடியேற்றி, ஆடுமாடு முதல் அடுப்பு வரைக்கும் ஒழுங்கு செய்கிறார்.

எஞ்ஜினீயர் புத்தகத்தை வாங்கிப்போய் இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டார். துப்பறியும் நாவலே தொடாதவர். நான் ஆவலாக, “கொலை எப்படி நடந்துதுன்னு முன்னாலயே பிடிச்சிட்டீரா?” என்றேன்.

“அது கிடக்கட்டும் ஓய்” என்றார். “அந்த மதகுக்குக் கடைசி வரைக்கும் எவனும் எஸ்டிமேட்டே போடலையே, கவனிச்சீரா?”