சோளகம் நிரபராதி: மன்னார் வான்களின் ஸ்டியரிங் எயார் குறித்து ஓர் ஆய்வு

மன்னார்த் தீவில் ஒரு பழைய டொல்பின் வான் வளைவில் முனகினால் கராஜில் கிடைக்கும் தீர்ப்பு, ‘பவர் ஸ்டியரிங் எயார் பிடிச்சிட்டுது’ என்பதாகும். தீர்ப்பில் பிழையில்லை. எந்த எயார் என்பதில்தான் ஒரு நிரபராதி மாட்டிக்கொள்ள இடமிருக்கிறது. தீவின் தென்கரையில் தம்பபவனி காற்று மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாட் கொள்ளளவோடு நிற்கின்றன. அவ்வளவு பெரிய விசிறிகளையே சுழற்றும் சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுக்கு ஒரு வானின் பொனற்றுக்குள் புகுவது பெரிய காரியமா என்று எவரும் கேட்கலாம். கணக்கு அதற்கு இடங்கொடாது. செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் அடிக்கும் காற்று, எதிர்ப்பட்ட பரப்பில் தரும் அழுத்தம் ஏறத்தாழ 60 பஸ்கால். அசையாமல் சும்மா கிடக்கும் வளிமண்டலமோ இரவும் பகலும் ஒரு இலட்சம் பஸ்காலுக்கு மேல் அமுக்கிக்கொண்டிருக்கிறது. சோளகத்தின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை.

ஆகவே குற்றவாளி வீசும் காற்றல்ல, நிற்கும் காற்று. பம்ப் எண்ணெயை இழுக்கும் பக்கத்தில் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. அங்கே ஹோஸ் காய்ந்து வெடித்திருந்தாலோ, கிளிப் தளர்ந்திருந்தாலோ, தாங்கியில் எண்ணெய் இறங்கியிருந்தாலோ, வளிமண்டலம் அழைப்பில்லாமல் உள்ளே போகும். ‘ஓட்டை இருந்தால் நிலத்தில் எண்ணெய் சொட்டவேண்டுமே’ என்பார்கள். சொட்டுவது தள்ளும் பக்கத்து ஓட்டை. இழுக்கும் பக்கத்து ஓட்டை, எஞ்சின் ஓடும்வரை, வாங்குமேயன்றிக் கொடாது.

இனி நீக்கும் முறை. வள்ளங்களின் டீசல் எஞ்சினோடு பழகிய பேசாலையில் ஒரு மறுப்பு எழுவது நியாயமே: டீசல் லைனில் எயார் என்றால் ஒரு நட்டைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினால் போதும், பிரேக்குக்கும் ஒரு நிப்பிள் உண்டு, ஸ்டியரிங்குக்கு மட்டும் ஏன் இல்லை? பிரேக் லைன் முட்டுச்சந்து, உள்ளே போன எயார் தானாகத் திரும்பி வராது. ஸ்டியரிங் எண்ணெயோ சுற்றி வந்து தாங்கியிலேயே விழுகிறது. அங்கே வந்துசேர்ந்த எயாருக்கு மேலே ஏறிப் போவதைத் தவிர வேறு வேலையில்லை. எனவே முன்சில்லுகளை ஜக்கில் தூக்கி (மணலில் ஜக் புதையும், அடியில் ஒரு தடித்த பலகை வேண்டும்), தாங்கியை நிரப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்ல மெல்லத் திருப்பி, எண்ணெய் இறங்க இறங்க ஊற்றவேண்டும். எஞ்சினை ஓடவிட்டு வேலையைச் சுருக்க நினைப்பவர் எயாரைப் பம்பின் தகடுகளிடம் ஒப்படைக்கிறார். அவை அதைப் பொடியாக அரைத்து வெளிறிய நுரையாக்கிவிடும். 1851இல் ஸ்டோக்ஸ் தந்த விதிப்படி, குமிழியின் விட்டம் பாதியானால் அது மேலேறும் வேகம் காற்பங்காகும். அவசரக்காரர் தன் காத்திருப்பைத் தானே நான்கு மடங்காக்குகிறார். குளிரில் எண்ணெய் தடித்தால் ஏற்றம் தாமதமாகும் என்பதும் அதே விதி. நுவரெலியாவைவிட மன்னாரில் குமிழி விரைந்து ஏறும். சித்திரை வெயிலுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிகச் சில வாதங்களில் இது ஒன்று.

‘தலைமன்னார் வரை வாய் திறக்காத வான் பட்டினத்துக்குள் மட்டும் முனகுவதேன்’ என்றும் கேட்கப்படலாம். தலைமன்னாருக்குப் போகும் ஏ14 பெரும்பாலும் நேராகக் கிடக்கும் தெரு. ஸ்டியரிங்குக்கு அங்கே வேலை மிகக் குறைவு, பம்ப் எண்ணெயைச் சும்மா சுற்றவிடுகிறது. பட்டினத்திலோ நடுத்தெருவில் கழுதைகள். ஹோர்ன் அடித்தாலும் அவை விலகா. ஓட்டுநர்தான் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கவேண்டும். எஞ்சின் வேகம் குறைந்து சில்லின் சுமை கூடிய அந்த நிலையில்தான் ஒளிந்திருந்த எயார் குரல் கொடுக்கும். ஆகவே கழுதையை இத்துறையின் பரிசோதனைக் கருவியாக ஏற்பதே முறை. புதிய கார்களில் பெரும்பாலும் மின்மோட்டார் ஸ்டியரிங், எண்ணெயே இல்லை, பிறகு இந்த ஆய்வு எதற்கு என்பது கடைசி மறுப்பு. 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்தபோது வரியும் கூடவே வந்தது. பழைய வான்கள் இன்னும் சிலகாலம் ஓடத்தான் போகின்றன. கழுதைகளுக்கு மாற்று இறக்குமதி எதுவும் இதுவரை அறிவிக்கப்படவில்லை.