பதினாறு பேர், இரண்டு வாசல்

1994-ல் வந்த ரோலண்ட் ஜேவி-1080 சிந்தசைசர் பெட்டிக்குள் பதினாறு வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். பேட்டா கேட்கமாட்டார்கள், டிபன் கேட்கமாட்டார்கள், கால்ஷீட் முடிந்தது என்று வயலினைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு கிளம்பவும் மாட்டார்கள். கோடம்பாக்கத்துத் தயாரிப்பாளர்களுக்கு அந்தப் பெட்டி பிடித்துப்போனதற்கு சங்கீதம் மட்டுமே காரணம் என்று நான் நம்பியதில்லை.

பதினாறு பேரும் சேர்ந்துதான் வாசிப்பார்கள். வெளியே வருவது மட்டும் இடது, வலது என்று இரண்டே வாசல் வழியாக. பின்பக்கம் இன்னும் நான்கு ஓட்டைகள் உண்டு. ஆனால் பெட்டிக்குள் இருக்கிற ரிவர்ப் என்ற எதிரொலி அந்தப் பக்கம் வராது. சத்தம் வறட்டுச் சத்தமாக இருக்கும். தவிர, நான் எடுபிடியாகச் சேர்ந்த சின்ன ஸ்டூடியோவின் மிக்ஸரில் எங்களுக்கென்று ஒழிந்ததே இரண்டு சேனல்தான். சவுண்ட் இன்ஜினியரோ பேஸ் தனியாக வேண்டும், பியானோ தனியாக வேண்டும் என்பார். அவர் கேட்பதும் நியாயம்தான். எல்லாவற்றையும் ஒன்றாகப் பதிந்துவிட்டால், "பேஸை மட்டும் கொஞ்சம் ஏத்துங்க" என்று டைரக்டர் சொல்லும்போது ஏற்றுவதற்கு பேஸ் என்று தனியாக எதுவும் இருக்காது.

ஆகவே ஒவ்வொருவராகப் பிரித்து எடுப்போம். அடாரி கம்ப்யூட்டரில் க்யூபேஸ் என்ற மென்பொருள் ஓடும். பெட்டிக்குச் சுரக் கட்டளைகளைக் கொண்டுபோகும் மிடி வயரைச் செருகிக்கொள்ளத் தன் உடம்பிலேயே ஓட்டை வைத்திருந்த கம்ப்யூட்டர் அது. (மிடி பிளக்கில் ஐந்து முள். மூன்றுதான் வேலை செய்யும். மற்ற இரண்டும் மிடி வந்த 1983-லிருந்து சம்பளத்தோடு விடுப்பில் இருக்கின்றன.) மிடியின் முதல் சேனலில் பேஸ், இரண்டில் பியானோ, பத்தில் டிரம்ஸ். பேஸைத் தவிர மற்ற எல்லோர் வாயையும் அடைத்துவிட்டுப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிடுவோம். ஐந்து நிமிஷப் பாட்டுக்கு ஐந்து நிமிஷம். பிறகு ரீவைண்ட். பேஸின் வாயை மூடி, பியானோவின் வாயைத் திறந்து, மறுபடி ஐந்து நிமிஷம். பேஸை இடது கோடிக்கும் புல்லாங்குழலை வலது கோடிக்கும் தள்ளி, இரண்டையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கும் குறுக்குவழி ஒன்றும் இருந்தது. ரிவர்பை அணைக்காமல் அதைச் செய்தால் புல்லாங்குழலின் எதிரொலி பேஸ் டிராக்கில் குடியேறிவிடும். அப்புறம் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அதைக் காலி செய்ய முடியாது.

பதிவாவது ஏடாட் மெஷினில். அதற்கு டேப் என்பது சூப்பர் விஎச்எஸ் வீடியோ கேசட். எட்டு டிராக், சுமார் 40 நிமிஷம். புதுக் கேசட்டை முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும். அதுவும் முழு நீளம் ஓடித்தான் தீரும். ஒரு தயாரிப்பாளர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, என் காசுல கேசட் போட்டுப் படம் பாக்குறீங்களா?" என்றார். பதில் சொன்னோம். அவர் நம்பவில்லை.

தனித்தனியாக எடுத்ததில் உண்மையான லாபம் ஒன்று இருந்தது. ஜேவி ஒரே சமயத்தில் 64 குரல் எழுப்பும். கேட்க நிறையத்தான் தெரியும். ஆனால் ஒரு ஸ்டிரிங்ஸ் சத்தத்தில் நான்கு அடுக்கு இருந்தால் ஒரு விரலுக்கு நான்கு குரல் செலவு. இரண்டு கையாலும் எட்டு சுரம் பிடித்தால் 32 போயாச்சு. டிரம்ஸ், பியானோ, மணி எல்லாம் சேரும்போது கையிருப்பு தீரும்; புதுச் சுரத்துக்கு இடம் கொடுக்க, நீண்டு ஒலித்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு பழைய சுரத்தின் குரல்வளையைப் பெட்டி சத்தமில்லாமல் நெரித்துவிடும். தனியாக ஓடவிட்டால் 64-ம் அந்த ஸ்டிரிங்ஸுக்கே. அதுவரை மூச்சு முட்டிக்கொண்டிருந்தது திடீரென்று நெஞ்சை நிமிர்த்தும்.

இன்னொரு லாபத்தை யாரும் திட்டமிடவில்லை. எட்டு டிராக் முடிவதற்குள் அறையில் இருந்த அத்தனை பேரும் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை அத்தனை தடவை கேட்டிருப்பார்கள். வேறு வழி கிடையாது. டேப் ஓடும்போது பேசக்கூட முடியாது, இன்ஜினியர் முறைப்பார். ஒருநாள் டீ கொண்டுவரும் பையன் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டே, "அண்ணே, ரெண்டாவது சரணத்துல அந்தப் பீப்பீ வேணாம்ணே, பாட்டோட சண்டைக்கு நிக்குது" என்றான். அவன் பீப்பீ என்றது ஓபோ. மியூசிக் டைரக்டர் சிரித்தார். அடுத்த ஓட்டத்தில் ஓபோ இல்லை.

இப்போது அதே ஜேவி-1080 ரோலண்ட் கிளவுடில் மென்பொருளாகக் கிடைக்கிறது. எட்டுத் தடவை திறந்தால் எட்டு ஜேவி, எட்டு டிராக். நிஜப் பெட்டிதான் வேண்டும் என்பவர்களுக்கும் வழி பிறந்துவிட்டது. 2018-ல் வந்த டிஆர்-8எஸ் டிரம் மெஷின் தன் 11 வாத்தியங்களையும் ஒரே யூஎஸ்பி வயரில் தனித்தனியாக அனுப்பிவிடுகிறது. ஒரே ஓட்டம், வேலை முடிந்தது.

முடிந்ததா என்பதுதான் சந்தேகம். எனக்குத் தெரிந்த இளம் இசையமைப்பாளர் ஒருவர் அனுப்பும் பாட்டில் டிராக் நூறைத் தாண்டும். 'ஸ்டிரிங்ஸ் ஃபைனல்', 'ஸ்டிரிங்ஸ் ஃபைனல் புதுசு', 'ஸ்டிரிங்ஸ் இதுதான்' என்று மூன்றும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். எது வேண்டும் என்று கேட்டால், "மிக்ஸிங்ல முடிவு பண்ணிக்கலாம்ணே" என்பார். மிக்ஸிங் செய்பவர், மாஸ்டரிங்கில் சரியாகிவிடும் என்கிறார். பாட்டை எல்லோரும் திரையில் வண்ண வண்ணமாகப் பார்த்திருக்கிறார்கள். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை உட்கார்ந்து கேட்ட ஆள் யார் என்று விசாரித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். டீயும் ஆப்பில் ஆர்டர் செய்து வாசலோடு வந்துவிடுவதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

அந்த இளம் இசையமைப்பாளருக்குத்தான் திடீரென்று நிஜப் பெட்டி மேல் ஒரு ஆசை. மென்பொருளில் 'அந்த ஃபீல்' இல்லையாம். என் வீட்டுப் பரணிலிருந்து ஜேவியை இறக்கித் துடைத்து வைத்தேன்.

"எல்லா டிராக்கையும் ஒரே அடியா எடுத்துடலாமாண்ணே?"

"ஒவ்வொண்ணாத்தான் வரும் தம்பி."

"வேகமா ஓட்ட முடியாதா?"

"வாத்தியக்காரங்களை அவசரப்படுத்தக் கூடாது."

முதல் ஓட்டத்தில் அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதிலும். பிறகு எப்போதோ தலையைத் தூக்கி, "இந்த மணிச் சத்தத்தை யாருண்ணே போட்டது?" என்றார். அவர்தான். அதை எடுக்கச் சொன்னார். 'ஸ்டிரிங்ஸ் இதுதான்' இது இல்லை என்றும் தெரியவந்தது. சாயங்காலத்துக்குள் பாட்டு பாதியாக இளைத்து, கேட்கும்படி ஆகியிருந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மணிக்கணக்கில்தான் எனக்குக் கூலி.

அவர் கேட்ட ஃபீலில் பாதி தாமதம்தான். மிடி வயரில் ஒரு சுரத்துக்குப் பின்னால்தான் அடுத்த சுரம் போகும். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட். பெட்டியும் தன் பங்குக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வாசிக்கும். அவர் வீட்டுக்குப் போய் டிராக்குகளைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். சுரமெல்லாம் கோட்டுக்கு ஒரு மயிரிழை பின்னால் நின்றிருக்கின்றன. இரவோடு இரவாக ஒவ்வொன்றையும் வெட்டி, கோட்டோடு கோடாக நகர்த்தி ஒட்டிவிட்டு, காலையில் போன் செய்தார்.

"இப்பதாண்ணே டைட்டா இருக்கு. ஜேவின்னா ஜேவிதான்."