பனி ஒதுக்கீடு கோரும் விண்ணப்பம்

பெறுநர்: இணையத்தில் பின்னணி இசை விற்கும் களஞ்சியங்களின் தேர்வுக் குழுவினர்
பொருள்: திருகோணமலைக்கு நத்தார் காலப் பனி ஒதுக்கித் தருதல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடியோக் கடை வைத்துப் பிழைக்கிறவன் எழுதிக்கொள்வது. கார்த்திகை முடிய முன்னமே புடைவைக் கடைக்காரரும் மீன் வாடிக்காரரும் நத்தார் வாழ்த்து வீடியோ கேட்டு வந்துவிடுவார்கள். எல்லாருக்கும் ஒரே நிபந்தனைதான்: "தம்பி, மியூசிக் சிம்பிளா இருக்கோணும்." நானும் உங்களிடம் 'எளிய நத்தார் இசை' தேடுகிறேன். எதைத் தட்டினாலும் பனிச்சறுக்கு வண்டியின் சலங்கை.

உங்கள் தரத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பியானோ, ஒரு பிடி சலங்கை, 30 விநாடியிலும் 60 விநாடியிலும் கச்சிதமாக வெட்டிய துண்டுகள். அதில் எதுவுமே நடப்பதில்லை, நடக்கவும் கூடாது. கடைக்காரர் தள்ளுபடி சொல்லும்போது மெட்டு குறுக்கே பேசினால் யார் காசு தருவார்?

பிசகு எங்கள் வானத்தில்தான். இங்கே டிசம்பர் என்றால் வடகீழ்ப் பருவ மழை. 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் எங்கள் மாவட்டத்துக்குள்தான் கரை கடந்தது. நான் எடுத்த காட்சியில் பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமான்கள் மழைக்குச் சுவரோரம் ஒதுங்கி நிற்கின்றன. வள்ளங்கள் தார்ப்பாய் போர்த்திக் கரையேறிக் கிடக்கின்றன. அதற்கு மேல் உங்கள் சலங்கையைப் போட்டேன். ஒரு மான் திடுக்கிட்டுத் திரும்பியது. வண்டியில் பூட்டப் போகிறார்கள் என்று பயந்திருக்கும்.

ஆகவே ஆண்டுக்கு இரண்டு அங்குலப் பனியாவது ஒதுக்குங்கள். இசை தானாகப் பொருந்திவிடும். 'ஒயிட் கிறிஸ்மஸ்' இசைத்தட்டாக வெளிவந்த 1942இல்கூட எங்கள் துறைமுகத்தில் பனி விழவில்லை. ஏப்ரல் 9இல் விழுந்தவை யப்பானியக் குண்டுகள். அந்தப் பாட்டைத்தான் போடச் சொல்லி வாடிக்கையாளர் ஒருவர் அடம்பிடிக்கிறார். அதை எழுதிய இர்விங் பெர்லின் 1989இல் காலமானவர். எங்கள் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை, ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை நிற்கும். 2059 முடியட்டும் என்று சொல்லியனுப்பினேன்.

சலங்கைக்கும் நத்தாருக்கும் என்ன உறவு என்பதையும் குழு விசாரிக்கலாம். ஜேம்ஸ் பியர்பொன்ட் 1857இல் வெளியிட்ட 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டில் பாலனும் இல்லை, தொழுவமும் இல்லை. இளசுகள் வண்டியோட்டிக் கும்மாளமடிப்பதுதான் கதை. எளிமைக்கு 'சைலண்ட் நைட்' இருக்கிறதே! 1818 நத்தாருக்கு முந்தைய இரவு, ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் ஊரில் இரண்டு குரலும் ஒரு கிதாரும் போதுமாயிருந்தன. மெட்டமைத்த குரூபர் 1863இல் காலமானார், மெட்டு ஊர்ச்சொத்து. அதை எங்கள் கோயில் பாடகர் குழுவை வைத்து ஓர்கனோடு பதிந்து இணையத்தில் ஏற்றினேன். கூரையில் மழை விழும் சத்தமும் அதிலே கேட்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் உங்களில் ஒருவரின் பெயரில் உரிமைக் கோரல் வந்தது. அதே மெட்டை நீங்களும் பதிந்து விற்கிறீர்களாம். இரண்டும் ஒன்றென்று இயந்திரம் தீர்ப்பளித்துவிட்டது. ஒலிப்பதிவு உங்களுடையது, மெட்டு எல்லோருடையது என்ற வித்தியாசம் அதற்குப் பிடிபடவில்லை. குரூபரின் மரண அறிவித்தலும் போய்ச் சேரவில்லை போலும்.

பனி அனுப்பச் செலவு அதிகமென்றால் மாற்று வழி சொல்கிறேன். 'மழை நத்தார்' என்று ஒரு பிரிவு திறவுங்கள். கிழக்குக் கரைப் போர்த்துக்கேயப் பறங்கியரின் வயலினையும் கஃப்ரிஞ்ஞாத் தாளத்தையும் அதில் சேருங்கள். உரிமைக் கோரல்களைக் காது கொடுத்துக் கேட்க ஒரு மனிதரை நியமியுங்கள்.

கடைசிக் கோரிக்கையையாவது உடனே கவனியுங்கள். அந்த உரிமைக் கோரலுக்கு எதிரான என் ஆட்சேபனைக்குப் பதில் தர உங்களுக்கு 30 நாள் அவகாசமாம். நத்தார் 25ஆம் திகதியோடு முடிந்துவிடும்.

இப்படிக்கு,
பனி காணாத விண்ணப்பதாரர்,
திருகோணமலை